அனாட்டமி சரியில்லை

"சார்" என்று பெனிட்டா இரண்டு தடவை சொன்னாள். அதுதான் குற்றாலிங்கத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "சார், விசாகனோட அனாட்டமி சரியில்லை சார்." முன்னால் ஒரு சார், பின்னால் ஒரு சார். மரியாதைக்கு ஒன்று போதாதா? அவள் எப்போதுமே அப்படித்தானா, இல்லை இன்றைக்கு மட்டுமா? இத்தனை வருஷம் கூடவே இருந்தவளின் பேச்சில் எத்தனை சார் வரும் என்றுகூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. முதல் மாடி வராந்தாவில், அவளுடைய அறைக்கு எதிரே, வரிசையாகத் திருகி வைத்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். இந்த நாற்காலியில் அவர் இதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. போன வருஷம் ஓய்வு பெறுகிறவரை எதிரே இருக்கிற அந்த அறை அவருடையது. கதவிலிருந்த அவர் பெயரைக் கழற்றிவிட்டு அவருடைய மாணவி பெனிட்டாவின் பெயரை மாட்டியிருந்தார்கள், பழைய திருகு ஓட்டைகள் பக்கத்தில் அப்படியே தெரிந்தன. உள்ளேயிருந்து பார்க்கும்போது இந்த நாற்காலிகள் வசதியானவை என்றுதான் நினைத்திருந்தார். உட்கார்ந்து பார்த்தால் சாயவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. பக்கத்தில் ஒரு பெண்மணி எவர்சில்வர் தூக்கைத் திறந்து இட்லியைப் பிட்டு யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தாள். சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து வந்தன. மனைவி செண்பகவல்லிக்கு இன்று காலையும் உப்பில்லாத சாம்பார்தான் போயிருக்கும், ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளியிருப்பாள். ஐந்தாவது மாடியில் படுத்திருக்கிறாள். கல்லீரல் டாக்டரின் மனைவிக்கே கல்லீரல் போய்விட்டதாமே என்று சொந்தத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அவள் குடித்துக் கெடுத்துக்கொண்டவள் அல்ல, தின்று கெடுத்துக்கொண்டவளும் அல்ல. உடம்பு தன் கல்லீரலையே அந்நியன் என்று நினைத்து அரித்துத் தள்ளுகிற வகை. மருந்து கொஞ்ச காலம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இனி இன்னொருவருடைய கல்லீரலில் ஒரு பாதியை வெட்டி வைத்தால்தான் உண்டு. அந்தப் பாதியைக் கொடுக்கத்தான் ஒரே பிள்ளை விசாகன் பெங்களூரிலிருந்து வந்தான். ரத்தம், ஸ்கேன், தனியாக உட்கார்த்தி வைத்துக் கேட்கிற கேள்விகள் எல்லாம் நேற்றோடு முடிந்தன. இன்று காலை பெனிட்டா அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்துக் கூப்பிட்டு அந்த ஒரு வரியைச் சொன்னாள். விசாகன் "சரி டாக்டர்" என்றான். வெளியே வந்ததும், காபி வாங்கிட்டு வரேன்ப்பா என்று கீழே போய்விட்டான்.

அந்த வரி யாரோ சொன்ன வரியாக இருந்தால் பரவாயில்லை. குற்றாலிங்கமே பெற்றெடுத்த வரி அது. அவர் இளவயசுக்காரராக இருந்தபோது விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாமனாருக்குக் கல்லீரல் கொடுக்க மருமகளைக் கூட்டி வந்திருந்தார்கள். பெண்ணுக்குத் தலை நிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்குக் கூட்டி வருகிற மாதிரி. அவளைத் தனியாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, "உனக்கு இதுல முழுச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். சம்மதம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "வேணாம்னு சொன்னா நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது சார்" என்றாள். வெளியே வந்து, காத்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம் அவர் அன்றைக்குச் சொன்னதுதான் அந்த வரி. பொண்ணுக்கு அனாட்டமி சரியில்லை, எடுக்க முடியாது. உள்ளுறுப்பின் அமைப்பு என்று தமிழில் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்டிருப்பார்கள். அனாட்டமி என்ற சொல்லுக்கு முன்னால் ஒருத்தருக்கும் வாய் எழவில்லை. குற்றம் அவள் மனசின்மேல் விழாமல் உடம்பின்மேல் விழுந்தது, உடம்பை யார் கோபித்துக்கொள்ள முடியும்? அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. கொடுக்க வருகிற ஒவ்வொருவரையும் தனியே கேட்பது, தயங்கினால் இந்த வரியைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது. உண்மையிலேயே அமைப்பு சரியில்லாதவர்களுக்கும் இதே வரிதான். "ரெண்டு பேருக்கும் ஒரே வரி, ஒரே குரல்" என்று ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களிடம் மேஜையைத் தட்டிச் சொல்லுவார். "விளக்கம் குடுக்காதீங்க. விளக்கம் கூடினா பொய் வெளியில எட்டிப் பார்க்கும். கேக்கறவர் டாக்டராவே இருந்தாலும் கண்டுபிடிக்க முடியக் கூடாது." வகுப்பில் ஒருவரை டாக்டராகவும் ஒருவரைச் சொந்தக்காரராகவும் நிற்க வைத்துச் சொல்லச் சொல்லுவார், தான் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து எது நிஜம், எது பொய் என்று சொல்லுவார். எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். பெனிட்டா மட்டும் மாட்டவே இல்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒல்லிப் பெண், மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ நின்றுகொண்டு சொன்னாள், அவரால் ஒரு தடவைகூட நிஜமா பொய்யா என்று சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று கைதட்டினார். எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார், மடையன்.

ஆக அந்த இரண்டு சாரில் ஒன்றுமில்லை. அவள் மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை. குருவிடம் கெட்ட செய்தி சொல்லும்போது எந்த மாணவிக்கும் நாக்கு ஒரு சார் அதிகமாகச் சொல்லத்தான் செய்யும், செண்பகவல்லி கையால் எத்தனை நாள் சாப்பிட்டவள், அவளுக்கும் தொண்டை அடைக்காதா? அது சரி. ஆனால் விசாகன் சரி டாக்டர் என்றது? ஏன், எதனால், வேறு வழி இருக்கா என்று ஒன்றுமே கேட்கவில்லையே. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், ஒரு செல்போன் வாங்குவதற்கே ஒரு வாரம் கேள்வி கேட்கிறவன். தெரிந்த பதில் வந்தால்தானே ஒருத்தன் கேள்வி கேட்காமல் இருப்பான்? இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. அதிர்ச்சியில் வாயடைத்துப்போனவர்களை அந்த அறையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார், சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுக்குப் பதிலாக அலமாரியைத் திறந்தவர்கள் உண்டு. நேற்று பெனிட்டா அவனைத் தனியாகக் கேட்டபோது ரொம்ப நேரம் ஆயிற்று. சம்மதம் என்றால் சம்மதம், அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் அந்தக் கேள்விகளை எழுதி வைத்ததே அவர்தான். தூக்கம் வருகிறதா, யாராவது நெருக்குகிறார்களா, வீட்டில் மனைவி என்ன சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாக நீட்டி நீட்டிக் கேட்டால் நேரம் ஆகத்தான் செய்யும். மனைவி என்ன சொல்கிறாள்? மருமகள் மாசமாக இருக்கிறாள். போன வாரம் போனில், "நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல மாமா, ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஒண்ணும் ஆகாதும்மா என்று சொன்னார். எந்த டாக்டரும் சொல்லக் கூடாத வார்த்தை அது, சொன்னால் மாணவர்களைத் திட்டுவார். நேற்று அறையை விட்டு வெளியே வந்ததும் விசாகன் தண்ணீர் கேட்டான், பாட்டிலை அப்படியே கவிழ்த்து முழுசும் குடித்தான். பயந்தவனுக்குத்தான் அப்படித் தாகம் எடுக்கும். ஏசி அறையில் நெடுநேரம் பேசினவனுக்கும் எடுக்கும். நினைப்பு இந்தப் பக்கம் போனால் அங்கே ஒரு சுவர், அந்தப் பக்கம் போனால் இங்கே ஒரு சுவர், இரண்டையும் கட்டினவர் அவரே. சட்டைப் பையில் செல்போன் இருந்தது. கீழே ஸ்கேன் பார்க்கிற டாக்டரும் அவரிடம் படித்தவன்தான். அந்தப் படத்தைக் கொஞ்சம் அனுப்புப்பா என்று ஒரு வார்த்தை, அடுத்த நிமிஷம் விசாகனின் கல்லீரல் அவர் உள்ளங்கையில் வந்து நிற்கும். அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். போனை எடுத்தார். பெயரைத் தேடினார். பெயர் வந்தது. கல்லீரலின் பித்தக்குழாய் கோணலாக இருந்தால் நிம்மதி, அந்த வரி நிஜம். கோணல் இல்லாமல், படம் போட்டுப் பாடம் எடுக்கலாம் போல நேராக இருந்தால்? அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? தீபாவளிக்கு அவன் வந்து நிற்கும்போது, பிறக்கப்போகிற குழந்தையைத் தூக்கி இவர் கையில் கொடுக்கும்போது, அந்த நேர்க்குழாய் நடுவில் வந்து நிற்கும். எத்தனை அப்பாக்கள் அந்த அறையில் மேஜையை அறைந்து, எம்பையன் உள்ள என்னதான் சொன்னான் சொல்லுங்க என்று கத்தியிருக்கிறார்கள். அரிசி மில் வைத்திருந்த ஒருத்தர் காலிலேயே விழுந்தார். அவரைத் தூக்கி நிறுத்தி, சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் போங்க என்றவர் இவர். எவ்வளவு லேசாகச் சொன்னார். போனை அணைத்துப் பையில் போட்டார். போட்டுவிட்டு அது பையில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

இதையெல்லாம்விடக் கேவலமானது ஒன்று உண்டு, அதை அவர் நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். பெனிட்டா அந்த வரியைச் சொன்ன மறு விநாடி அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை தப்பித்தான் என்று ஒரு பெருமூச்சு வயிற்றிலிருந்து கிளம்பியது, அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் செண்பகவல்லியின் மஞ்சள் முகம் எதிரே வந்து அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. மனைவியைக் கொல்லுகிற செய்தியைக் கேட்டு மனசு முதலில் சந்தோஷப்பட்டது என்றால் அந்த மனசை என்ன செய்வது? ஆனால் அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு அண்ணன், தங்கைக்குக் கொடுத்தான். ஆபரேஷன் நன்றாக நடந்தது, எழுந்தான், நடந்தான், நர்சுகளைக் கிண்டல் செய்தான். ஒரு நாள் காலை பாத்ரூம் போனவன் அங்கேயே விழுந்தான், காலில் கட்டின ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது. யார்மேலும் பிசகில்லை. அப்படி ஆகும், ஆயிரத்தில் எப்போதாவது ஆகும், அதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லத்தான் செய்கிறோம். தங்கை பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் பரிசோதனைக்கு வருகிறாள். உட்காரும்மா என்றால் உட்கார மாட்டாள், நின்றுகொண்டே மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போவாள். விசாகனை அந்தப் பாத்ரூம் வாசலில் வைத்துப் பார்க்காமல் அவருக்கு ஒரு ராத்திரியும் போகவில்லை. அப்படியானால் நீயே கொடுத்துத் தொலையேன்! அதற்கும் வழியில்லை. அவருக்கு வயசு ஆகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, போதாக்குறைக்குக் கல்லீரலில் கொழுப்பு. ஊரெல்லாம் கொழுப்பைக் குறையுங்கள் என்று மேடை போட்டுப் பேசினவரின் கல்லீரல் நெய்யில் வறுத்த மாதிரி ஸ்கேனில் பளபளத்தது. அதைப் பார்த்த அன்று செண்பகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள், வயிற்றில் நீர் கோத்திருந்ததால் சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. மிச்சம் இருப்பது அரசாங்கப் பட்டியல். மூளைச்சாவு அடைந்த யாராவது ஒருவருடைய குடும்பம் மனசு வைத்தால், அவள் ரத்த வகைக்கு ஒத்து வந்தால், அவளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் தாண்டினால். அவளுக்கு அவ்வளவு நாள் இல்லை. இருக்கிற நாளை அவரால் கணக்குப் போட முடியும், போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். வராந்தா ஜன்னலில் ஐப்பசி மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் ரோடு வழுக்கும், ரோடு வழுக்கினால் கல்லீரல் வரும் என்று மாணவர்கள் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்வார்கள், காதில் விழுந்தால் நாயே பேயே என்று திட்டுவார். இப்போது அவரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் வீட்டுப் பிள்ளையோ ஹெல்மெட் போடாமல் கிளம்பிக்கொண்டிருக்கும். சீ என்று தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பினாலும் காது மழைச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

விசாகன் இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்தான். ஒன்றில் சர்க்கரை இல்லை என்பதற்கு அடையாளமாக விளிம்பை மடித்து வைத்திருந்தான். "சூடா இருக்குப்பா, பாத்து." பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இவ்வளவு பெரிய உடம்பு எப்போது வந்தது இவனுக்கு? சின்ன வயசில் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கல்லீரல் இருந்தது, எட்டுத் துண்டாகக் கழற்றி மாட்டலாம், வகுப்புக்கு எடுத்துப் போவார். மற்ற பிள்ளைகள் பொம்மைக் கார் ஓட்டினார்கள், இவன் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடத்தில் உங்கப்பா என்ன வேலை என்று கேட்டதற்குக் கல்லீரல் என்று சொன்னவன். அப்பா மாதிரி டாக்டர் ஆவான் என்று எல்லாரும் சொன்னார்கள், ரத்தம் எடுக்க ஊசியைக் கண்டதும் மயக்கம் போட்டு விழுந்தான், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்தப் பிள்ளைதான் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வந்து உட்கார்ந்தான். வந்தானா, வரவழைத்தோமா? வா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு வேற வழியில்ல என்று மட்டும் சொன்னார். ஒரு பிள்ளையிடம் அதைச் சொன்னால் அதற்கு வா என்றுதான் அர்த்தம், இது தெரியாத அளவுக்கு அவர் ஒன்றும் அப்பாவி இல்லை. விசாகன் காபியைக் குடிக்காமல் கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். "அப்பா, நீங்க அந்தப் படத்தைப் பாத்தீங்களா?" என்றான். "இல்ல. பெனிட்டா பாத்தாப் போதும்." "நீங்களும் ஒரு தடவை பாக்கலாம்ல?" இது பாருங்கள் என்று கேட்கிற குரலா, பார்த்துவிடுவாரோ என்று பயந்து துழாவுகிற குரலா? சரியில்லாத படமாக இருந்தால் பார்க்கச் சொல்லுவான், அவன் வார்த்தைக்கு அதுதானே சாட்சி. சரியான படமாக இருந்தாலும், பார்த்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ளக் கேட்பான். "கொடுக்கிறவங்க படத்தை வெளியாள் பாக்கக் கூடாதுடா, அது முறையில்ல" என்றார். வெளியாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. விசாகன் கோப்பையைத் தரையில் வைத்தான். பிறகு, "அப்பா, நேத்து உள்ள அவங்க என்ட்ட கேட்டப்போ நான்..." என்று ஆரம்பித்தான். குற்றாலிங்கத்தின் கை தானாக எழுந்தது. வகுப்பில் அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசுகிறவனை நிறுத்துகிற அதே கை. "உள்ள பேசினது உள்ளயே இருக்கணும். யார்ட்டயும் சொல்லக் கூடாது. என்ட்டயும் சொல்லக் கூடாது." விசாகன் வாயை மூடிக்கொண்டான். சரிப்பா என்றான். காலையில் பெனிட்டாவிடம் சொன்ன அதே சரி. நான் என்ன? நான் சம்மதம்னுதான் சொன்னேன்ப்பா, நம்புங்க என்றா? நான் பயந்துட்டேன்ப்பா என்றா? ஒரு விநாடி பொறுத்திருந்தால் வந்து விழுந்திருக்கும். அது விழுந்துவிடுமே என்றுதான் கையைத் தூக்கினார், முறையாவது மண்ணாவது. பிள்ளையின் வாயைப் பொத்தியாயிற்று, இனி அவன் திறக்க மாட்டான், இனி திறந்து சொன்னாலும் யோசித்துச் சொல்கிறான் என்றுதான் தோன்றும். காபி ஆறி ஏடு படிந்திருந்தது. அதைக் குடித்தார். "அம்மாட்ட யார் சொல்றது?" என்றான் விசாகன். "நான் சொல்லுதேன்" என்றார்.

லிப்ட் வரவில்லை. வந்தபோது ஸ்ட்ரெச்சரில் ஒருத்தரை ஏற்றியிருந்தார்கள், ஓரமாக ஒடுங்கி நின்றார்கள். ஸ்ட்ரெச்சரில் இருந்தவர் குற்றாலிங்கத்தை அடையாளம் கண்டு படுத்தபடியே கும்பிட்டார், யாரென்று தெரியாமலேயே இவரும் கும்பிட்டார். இரண்டாவது மாடியில்தான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. விழுப்புரத்துப் பெண்ணின் கதையை அன்று ராத்திரியே செண்பகவல்லியிடம் சொல்லியிருக்கிறார். தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, நல்ல காரியம் செஞ்சீங்க என்று இன்னொரு தோசை போட்டாள். அதற்குப் பிறகும் எத்தனை பேர் கதை, சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். இன்னைக்கும் ஒரு அனாட்டமியா என்று அவளே கேட்டுச் சிரிப்பாள். அவளிடம் போய் எந்த வாயால் அந்த வரியைச் சொல்வது? அந்த வரிக்குள் என்னவெல்லாம் இருக்க முடியும் என்று தெரிந்த நோயாளி இந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான். தன் பிள்ளை தனக்குக் கொடுக்க மாட்டேன் என்றானோ என்று நினைத்துக்கொண்டு அவள் சாக வேண்டுமா? கூடாது. அது நடக்கவே கூடாது. அவள் உயிரைக் காப்பாற்ற அவரால் ஆகவில்லை, இந்த ஒரு சந்தேகமாவது இல்லாமல் அனுப்ப முடியாதா? லிப்டின் எண் மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டிருந்தது. நின்றுவிட்டால் நன்றாக இருக்கும், கரண்டு போய்விட்டால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார். கரண்டு போகவில்லை.

செண்பகவல்லி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்று தெளிவாக இருந்தாள். சில நாள் ரத்தத்தில் நஞ்சு கூடினால் கட்டிலை வீடு என்று நினைத்துக்கொண்டு பால்காரன் வந்தானா என்று கேட்பாள். இன்று அப்படி ஒரு நாளாக இருந்திருக்கலாமே என்று ஓர் ஆசை வந்தது, பாழும் ஆசை. கண் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. சொறிந்த இடமெல்லாம் கையில் கோடு கோடாக. "என்ன ரெண்டு பேரும் சேந்து வாரீங்க? சாப்ட்டியாடா?" என்றாள். சென்னைக்கு வந்து எத்தனை காலமானாலும் அவள் பேச்சிலிருந்து திருநெல்வேலி போகவில்லை. விசாகன் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான். குற்றாலிங்கம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். சொன்னார். அந்த வார்த்தையை விட்டுவிட்டுச் சொன்னார், அவனோட கல்லீரலை எடுக்க முடியாதாம் என்று. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறாததுதான் அவரைப் பதற வைத்தது. பக்கத்தில் கிடந்த சாப்பாட்டுச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். "இங்க பாரு. இது பித்தக்குழாய். எல்லாருக்கும் இந்த இடத்துல ரெண்டாப் பிரியும். இவனுக்கு முன்னாடியே பிரிஞ்சு, இங்கயிருந்து ஒரு சின்னக் குழாய் குறுக்கப் போகுது. வெட்டினா அது அறுந்துபோகும். அறுந்தா அவனுக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து." கை தன்பாட்டில் வரைந்துகொண்டு போயிற்று. ஆயிரம் குடும்பங்களுக்கு வரைந்து காட்டிய கை. பார்க்காத படத்தை, பெற்ற பிள்ளையின் வயிற்றுக்குள் இருப்பதை, இல்லாத குழாயோ இருக்கிற குழாயோ, அவராகக் கற்பித்து நிழல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "நானே பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன்." ஜன்னலோரத்தில் விசாகன் திரும்பிப் பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பார்க்கவில்லை என்று சற்று முன்னால் அவனிடம்தானே சொன்னார். "அவன் அழுதுட்டான் செண்பகம். வேற வழி இல்லையா டாக்டர்னு பெனிட்டாட்ட கெஞ்சினான், நாந்தான் வெளிய கூட்டிட்டு வந்தேன்." விளக்கம் கூடக்கூட அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. நிறுத்த முடியவில்லை. இன்னொரு அம்புக்குறி போட்டார். செண்பகவல்லி படத்தைப் பார்க்கவில்லை, வரைகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும்" என்றாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, அம்மாவுக்கு ஆல்புமின் ஏத்தணும், கீழ மருந்துக்கடையில யாராவது போய் வாங்கிட்டு வாங்க என்றாள். விசாகன் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது அம்மாவின் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டுப் போனான். கதவு மூடும்வரை செண்பகவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"அவன்ட்ட ஒண்ணும் கேக்காதீங்க."

குற்றாலிங்கம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன கேக்கப்போறேன்? அதான் படத்துல..."

"இப்பவும் கேக்கக் கூடாது. எனக்கப்புறமும் கேக்கக் கூடாது." மூச்சு வாங்கியது, கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கப்புறம் ஒருத்தருக்கொருத்தர் நீங்க ரெண்டு பேருந்தான். ஒரு நாள் கோவத்துல வாயில வந்துரும் உங்களுக்கு. எனக்கு உங்களத் தெரியாதா? அன்னைக்கும் கேக்கக் கூடாது."

அவளிடம் சத்தியம் செய்து சொல்லிவிடலாம், அவன் சம்மதித்தான், எனக்குத் தெரியும் என்று. ஆனால் அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரியாமலேயே அவள் பிள்ளையை மன்னித்தாயிற்று, மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம். குற்றாலிங்கத்துக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி" என்றார்.

"சரின்னா?"

"கேக்க மாட்டேன்."

விசாகன் மருந்துப் பெட்டியோடு திரும்பி வந்தான். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, லிப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடி வந்திருக்கிறான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா?" என்றான்.

"உங்கப்பா கிளாஸ் எடுத்தாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றாள் செண்பகவல்லி.

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, வீங்கிப் போயிருந்த அவள் பாதங்களைப் பிடித்துவிட ஆரம்பித்தான். அவன் விரல் அழுந்தின இடத்திலெல்லாம் குழி விழுந்து, மேலே எழும்பாமல் அப்படியே நின்றது. அதைப் பார்த்துப் பயந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட? பிடி" என்றாள் செண்பகவல்லி. "நல்லாருக்கு."